மெழுகுவர்த்திக்குச் செய்த மோதிரங்கள்

லண்டனில் பழைய நகை விற்கும் கடைகளில், கண்ணாடிப் பேழைக்குள் மோதிரத்தோடு நூலில் கட்டிய சிறு சீட்டு ஒன்றும் கிடக்கும். ‘ஜார்ஜியன் நிச்சய மோதிரம், சுமார் 1780’ என்று அதில் எழுதியிருக்கும். சீட்டைப் படித்துவிட்டு மோதிரத்தைப் பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றம்தான். கல்லைச் சுற்றிய வெள்ளி கறுத்துப் போயிருக்கும். வைரம் பளிச்சென்று மின்னாது. உள்ளே புகை தங்கினாற்போல மங்கியிருக்கும். வளையத்தின் அடிப்பக்கம் இருநூறு ஆண்டு உராய்வில் கம்பியாக இளைத்திருக்கும். திருப்பிப் பார்த்தால் கல்லின் அடி தெரியாது, மூடிய உலோகம்தான் தெரியும். அப்படியும் அதைத் தேடி வாங்க ஆள் இருக்கிறது.

வாங்குகிறவர் மோதிரத்தை மட்டும் வாங்குவதில்லை, அந்தச் சீட்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஆகவே சீட்டில் உள்ள சொற்களைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நியாயம்.

‘ஜார்ஜியன்’ அரசர் பெயரால் வந்த காலப்பெயர். ஜெர்மானிய நாடான ஹனோவரிலிருந்து வந்து 1714இல் பிரிட்டனின் அரியணை ஏறினார் முதலாம் ஜார்ஜ். அவரைத் தொடர்ந்து இன்னும் மூன்று ஜார்ஜுகள். நான்காமவர் 1830இல் இறந்தார். அவர் தம்பி நான்காம் வில்லியம் ஆண்ட ஏழு ஆண்டுகளையும் நகை வியாபாரிகள் இதே கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆக மொத்தம் 123 ஆண்டுகள். 1720இல் செய்த மோதிரத்தையும் 1830இல் செய்ததையும் அருகருகே வைத்தால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘சோழர் காலம்’ என்று சொல்லிவிட்டு விஜயாலயனையும் மூன்றாம் இராஜேந்திரனையும் ஒரே மூச்சில் பேசுவது மாதிரிதான் இது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான சிக்கல் ‘நிச்சய’ என்ற சொல்லில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெண்ணிடம் சம்மதம் கேட்கும் ஆண் கல் பதித்த மோதிரம் ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற வழக்கம் கிடையாது. மோதிரத்துக்கு உரிய இடம் தேவாலயத்தில் நடக்கும் திருமணம். அங்கே போடுவது பெரும்பாலும் கல்லில்லாத வெறும் தங்க வளையம். அதற்கு முன்னால் காதலர்கள் என்னென்னவோ பரிமாறிக்கொண்டார்கள்: கையுறை, தலைமயிர்க் கற்றை, கூட்டிலிட்ட குறு ஓவியம். கையில் காசில்லாதவர்கள் வெள்ளி நாணயத்தையே வளைத்துக் கொடுத்தார்கள். மோதிரமும் அந்த வரிசையில் ஒன்று, அவ்வளவே.

சட்டமும் இதில் குறுக்கிட்டது. அதுவரை இருவர் ஒருவருக்கொருவர் முறையாகச் சொல்லிக்கொண்ட வாக்கையே திருமணமாக ஏற்கும் நிலை திருச்சபை நீதிமன்றங்களில் இருந்தது. லண்டனில் ஃப்ளீட் சிறைச்சாலையைச் சுற்றியிருந்த மதுக்கடைகளில், கடன்பட்டுக் கிடந்த பாதிரிமார்கள் கேட்டவர்களுக்கெல்லாம் கல்யாணம் செய்து வைத்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் நிறுத்த ஹார்ட்விக் பிரபு 1753இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1754 மார்ச் 25 முதல், தேவாலய அறிவிப்போ உரிமமோ இல்லாத கல்யாணம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செல்லாது. வாய்வார்த்தை தன் பலத்தை இழந்தது. வாக்குத் தவறியவன் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், கல்யாணம் ஆனதாகச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வழக்குகளில் கடிதங்களும் பரிசுகளும் சாட்சியமாக வந்தன. சொல்லின் பலம் குறைந்தபோது, கையில் வைத்துக் காட்டக்கூடிய பொருளின் மதிப்புக் கூடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனால் அந்தப் பொருள் மோதிரமாகத்தான், அதுவும் வைர மோதிரமாகத்தான் இருந்தது என்று சொல்ல இடமில்லை.

அந்தக் காலத்துக் கதையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1811இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் எட்வர்ட் ஃபெரர்ஸுக்கும் லூசி ஸ்டீலுக்கும் ரகசியமாக நிச்சயமாகியிருக்கும். அந்த நிச்சயத்தின் அடையாளமாக ஒரு மோதிரமும் வருகிறது. ஆனால் அது இருப்பது ஆணின் விரலில். அதில் வைரமும் இல்லை. லூசியின் தலைமயிர்தான் பதிந்திருக்கிறது. அந்த மயிரைத் தன்னுடையது என்று, எட்வர்டை நேசிக்கும் கதாநாயகி எலினார் தவறாக நினைத்துக்கொள்வதில்தான் கதையின் பெரிய வலியே இருக்கிறது. இன்றைய கடைக்காரர் அந்த மோதிரத்துக்கு ‘நிச்சய மோதிரம்’ என்று சீட்டு எழுதமாட்டார். ‘இரங்கல் மோதிரமாக இருக்கலாம்’ என்று எழுதிக் குறைந்த விலைக்குத் தருவார்.

இந்தப் பேச்சில் எப்போதும் இழுக்கப்படும் இன்னொரு பெயர் அரசி ஷார்லெட். மூன்றாம் ஜார்ஜ் அவரை 1761 செப்டம்பர் 8 அன்று மணந்தார். அன்றைக்கு அவர் மனைவிக்கு வைரங்கள் வரிசையாகப் பதித்த வளையம் ஒன்றைக் கொடுத்தார். திருமண மோதிரம் கழன்று விழாமல் காக்க அதற்கு மேலே அணிவதற்கு. அதிலிருந்துதான் ‘காவல் மோதிரம்’ என்னும் நாகரிகம் பரவியது, அதுவே நிச்சய மோதிரத்தின் தாய் என்கிறார்கள். செய்தியைத் தந்தவர் அரசவையோடு நெருங்கிய குடும்பத்தில் பிறந்த ஷார்லெட் பேப்பன்டீக். அவர் பிறந்தது 1765இல், அதாவது கல்யாணம் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து. நினைவுக் குறிப்பை எழுதத் தொடங்கியது 1833இல். அச்சானது 1887இல். பெற்றோர் சொல்லக் கேட்டதாக இருக்கலாம், பொய்யென்று தள்ளவேண்டியதில்லை. ஆனால் அதை அப்படியே ஏற்றாலும் அது கல்யாண நாளன்று கொடுத்த மோதிரமே தவிர, நிச்சயத்துக்குக் கொடுத்தது அல்ல.

அப்படியானால் அந்தக் காலத்துக் காதல் மோதிரங்கள் எவை? பழைய மரபில் வந்தவை சில. உட்புறத்தில் ஒரு சிறு வாசகம் பொறித்த தங்க வளையம், ‘போஸி’ மோதிரம் என்று பெயர். ஜார்ஜியன் காலத்துக்கு முன்பே செழித்து, பதினெட்டாம் நூற்றாண்டு முடியுமுன் மங்கிவிட்டது. இரண்டு கைகள் பற்றிக்கொள்வது போன்ற ‘ஃபேடே’ மோதிரம் ரோமானியர் காலத்திலிருந்து வருவது. அயர்லாந்தின் கால்வே பக்கம் அதன் உறவினர் ஒன்று, கைகளுக்கு நடுவே முடிசூடிய இதயத்தைப் பிடித்துக்கொண்டு, கிளாடா என்ற பெயரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தக் காலத்துக்கே உரியவை என்றால் நான் முதலில் சொல்வது ‘ஜார்டினெட்டி’ மோதிரத்தை. இத்தாலிய மொழியில் குட்டித் தோட்டம் என்று பொருள். விரல்நகம் அளவுள்ள இடத்தில் ஒரு பூக்கூடை. மாணிக்கம் ஒரு பூ, மரகதம் ஓர் இலை, வைரப் பொடிக்கற்கள் பனித்துளி. வெள்ளிக் கம்பியில் பின்னிய கூடையின் இடைவெளி வழியாக அணிந்தவளின் தோல் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கைவேலையின் குறும்பெல்லாம் அதில் இருக்கிறது.

கல்லின் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசிக்கும் மோதிரங்கள் கொஞ்சம் பிந்தியவை. ரூபி, எமரால்ட், கார்னெட், அமெதிஸ்ட், மறுபடி ரூபி, கடைசியில் டயமண்ட் என்று வரிசையாகப் பதித்திருக்கும். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் ‘ரிகார்ட்’ என்று வரும், மதிப்பும் பிரியமும் கலந்த ஒரு சொல். பாரிஸின் மெல்லெரியோ குடும்பத்து நகைக்காரர் தொடங்கிவைத்தது என்று சொல்வார்கள். கண்ணோவிய மோதிரங்கள் இன்னும் விசித்திரம். தந்தத்தில் காதலியின் ஒற்றைக் கண்ணை மட்டும் வரைந்து கண்ணாடிக்குள் வைத்தவை. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர், கத்தோலிக்க விதவையான மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை 1785இல் ரகசியமாக மணந்தார். 1772ஆம் ஆண்டின் அரசகுலத் திருமணச் சட்டப்படி அது செல்லாத கல்யாணம். முகத்தைக் காட்ட முடியாதவர்களுக்குக் கண் போதும். தன் கண்ணை வரைந்து அவளுக்கு அனுப்பினார் இளவரசர், பிறகு ஊரே அதைப் பின்பற்றியது.

இவற்றுக்கெல்லாம் காலம் குறிப்பது எப்படி என்பது ஆய்வாளருக்குத் தலைவலி. பொன்னில் முத்திரை இருந்தால் ஆண்டைப் படித்துவிடலாமே என்று தோன்றும். 1738இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் தங்க, வெள்ளிப் பொருள்களுக்கு முத்திரையைக் கட்டாயமாக்கியது. ஆனால் கல் பதித்த நகைகளுக்கு விலக்குக் கொடுத்தது. ஆகவே காதல் மோதிரங்களில் பெரும்பாலும் முத்திரை இல்லை. செய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. அந்த விலக்குக்குள் ஒரு விதிவிலக்கு இரங்கல் மோதிரம்: அதற்கு முத்திரை வேண்டும். இறந்தவர் நினைவாக உற்றார் உறவினருக்கு மோதிரம் செய்து கொடுக்க உயிலிலேயே பணம் ஒதுக்கி வைப்பது அன்றைய வழக்கம். கடற்படைத் தளபதி நெல்சனின் சாவுக்குப் பிறகு ஸ்ட்ராண்ட் தெருவின் ஜான் சால்டர் அவர் நண்பர்களுக்கும் உறவினருக்கும் 58 மோதிரங்கள் செய்தார். இரங்கல் மோதிரத்தில் பெயரும் வயதும் இறந்த தேதியும் எனாமலில் எழுதியிருக்கும். மணமாகாதவர் என்றால் பெரும்பாலும் வெள்ளை எனாமல், மற்றவர்க்குக் கறுப்பு. ஆக, காதலுக்குச் செய்த மோதிரத்தின் வயதை நாம் சாவுக்குச் செய்த மோதிரத்தை வைத்துத்தான் கணிக்கிறோம். படகு போல் இரு முனையும் கூர்த்த நீள முகப்பு 1780களின் இரங்கல் மோதிரங்களில் அதிகம். எனவே அதே வடிவக் காதல் மோதிரமும் அந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்கிறோம். இது ஒரு முறைதான், ஆனால் ‘சுமார்’ என்று சீட்டில் எழுதுவதன் பின்னால் இருப்பதும் இவ்வளவுதான்.

இந்தச் சட்டங்கள் தெரிந்திருந்தால் இன்னொரு வசதி உண்டு. இங்கிலாந்தில் 1798 வரை தங்கத்துக்குச் சட்டப்படியான தரம் 22 காரட் ஒன்றுதான். அந்த ஆண்டில் 18 காரட்டும் சேர்ந்தது. 15, 12, 9 காரட்டெல்லாம் 1854இல்தான் அனுமதிக்கப்பட்டன. முத்திரையில் 15 என்று இருக்கும் மோதிரத்தை யாராவது ஜார்ஜியன் என்றால், பேச்சை மாற்றிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

கற்களின் கதை நம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. 1720கள் வரை ஐரோப்பாவுக்குப் போன வைரத்தில் பெரும்பங்கு இந்தியாவினுடையது. கிருஷ்ணை ஆற்றங்கரைக் கொல்லூர் முதலிய சுரங்கங்களில் தோண்டி, கோல்கொண்டா என்ற பெயரில் விற்பனையானது. அது கப்பலேறிய துறைகளில் முக்கியமானது சென்னைப் பட்டினம். லண்டனிலிருந்தும் இத்தாலியின் லிவோர்னோவிலிருந்தும் யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவழத்தை இங்கே அனுப்பி வைரத்தைப் பதிலுக்கு வாங்கினார்கள். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்று இன்றும் பெயர்ப்பலகை இருக்கிறதே, அது இந்த வியாபாரத்தின் மிச்சம். அந்தத் தெருவில் பவழமும் இல்லை, வைரமும் இல்லை. கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளுக்கு வைரம் இன்னொரு வகையிலும் உதவியது. இங்கே சேர்த்த பணத்தை ஊருக்கு அனுப்ப அதைவிடக் கச்சிதமான வழி இல்லை. சட்டைப்பையில் ஒரு ஜமீனே போய்விடும். புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட் 48,000 வராகன் கொடுத்து வாங்கிய 410 காரட் கல் லண்டனில் இரண்டாண்டு பட்டை தீட்டப்பட்டு ஏறத்தாழ 141 காரட்டாக மிஞ்சியது. 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு விலைபோய் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு தூளாகவும் துண்டாகவும் போனதைக் கவனிக்க வேண்டும். பட்டை தீட்டுவது என்றால் அன்றைக்கு அதுதான் பொருள். காவல் மோதிரக் கதையின் அரசி ஷார்லெட்டுக்கும் நம்மூர்க் கல் வந்து சேர்ந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி 1777இல் அவருக்கு வைரங்கள் பரிசளித்தார். அவற்றை விற்று இளைய மகள்கள் நால்வருக்கும் பிரித்துக் கொடுக்கும்படி அரசி உயில் எழுதி வைத்தார்.

பிறகு பிரேசில். மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் தங்கம் அரித்தவர்கள் கண்டெடுத்த கற்கள் வைரம் என்று 1729இல் லிஸ்பனுக்குச் செய்தி போனது. சில ஆண்டுகளுக்குள் விலை சரிந்தது. லண்டன் வியாபாரிகள் பயந்தார்கள், பிரேசில் கல் மட்டமானது என்று பேச்சைக் கிளப்பினார்கள். டேவிட் ஜெஃப்ரிஸ் என்ற லண்டன் நகைக்காரர் 1750இல் வைரம், முத்துகளைப் பற்றி எழுதிய நூலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னதோடு, எடையின் இருமடிப்படி வைரத்தை விலை மதிக்கும் வாய்ப்பாட்டையும் அச்சிட்டுக் கொடுத்தார். ஆற்றுச் சரளையை அரித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1809-10இல் அங்கே போன ஆங்கிலக் கனிமவியலாளர் ஜான் மாவ் ஒரு வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்: பதினேழரைக் காரட் கல்லைக் கண்டெடுக்கும் அடிமைக்குத் தலையில் பூமாலை சூட்டி ஊர்வலமாகக் கூட்டிப்போய் விடுதலை கொடுப்பார்கள். அதற்குக் குறைந்த எடைக்கு விடுதலை கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செய்த மோதிரத்தில் உள்ள சின்ன வைரங்கள் பெரும்பாலும் அந்தக் குறைந்த எடைக் கணக்கைச் சேர்ந்தவை. கடைச்சீட்டில் ‘கோல்கொண்டா’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் விலை ஏறும் என்பதால், இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனிப் பட்டறை. கல்லில் தொடங்குவோம். வைரத்தை ரம்பத்தால் அறுக்கும் இயந்திரம் அன்றைக்கு இல்லை. இயற்கையிலேயே எட்டு முகமாக வந்த கல்லின் போக்கிலேயே போகவேண்டும். ஒரு வைரத்தை இன்னொரு வைரத்தோடு உரசி வடிவம் கொடுத்து, எண்ணெயில் குழைத்த வைரத்தூள் பூசிய இரும்புச் சக்கரத்தில் வைத்து ஒவ்வொரு பட்டையாகத் தேய்ப்பார்கள். அடி தட்டையாக, மேலே முக்கோணப் பட்டைகள் கூடிக் குவிந்து, விரியாத மொட்டுப் போல வந்தால் அது ரோஸ் கட். மெல்லிய துண்டுக் கல்லைக்கூட வீணாக்காமல் பயன்படுத்த அது வழி. கனமான கல் என்றால் இன்று ‘ஓல்ட் மைன்’ என்று அழைக்கும் வெட்டு: மூலை மழுங்கிய சதுரம், உயர்ந்த தலை, சிறிய மேல்தளம், ஆழமான அடி. அடியின் நுனியைக் கூராக விடாமல் வெட்டிவிடுவதால் மேலிருந்து பார்க்கும்போது நடுவில் ஓர் ஓட்டை போலத் தெரியும். அந்த ஓட்டைதான் பழங்கல்லின் அங்க அடையாளம். எந்த இரண்டு கல்லும் ஒன்றுபோல் இருக்காது; கூட்டமாகப் பதித்த மோதிரத்தில் ஒன்று சற்றே கோணலாக, பக்கத்துக் கல்லுக்கு இடம்விட்டு உட்கார்ந்திருக்கும்.

வைரத்துக்கு வெள்ளி, வண்ணக் கல்லுக்குத் தங்கம் என்பது பொது விதி. மஞ்சள் தங்கம் வைரத்துக்குள் தன் நிறத்தை ஏற்றிவிடும். பிளாட்டினத்தை நகைக்காரர்கள் கையாளக் கற்றுக்கொள்ள இன்னும் வெகுகாலம் இருந்தது. ஆனால் வெள்ளி கறுக்கும், தோலிலும் துணியிலும் கறை படியும். ஆகவே அந்த நூற்றாண்டு போகப்போக, கல்லைப் பிடிக்கும் மேல்பகுதி வெள்ளியாகவும் விரலைத் தொடும் அடிப்பகுதி தங்கமாகவும் சேர்த்துப் பற்றவைத்தார்கள். பற்றவைப்பும் நம் பத்தர்கள் அறிந்த வேலைதான்: வெண்காரம் தடவி, பற்றாசுப் பொடி வைத்து, ஊதுகுழலால் விளக்குச் சுடரை ஊதி அந்த இடத்தில் மட்டும் பாய்ச்சுவது. மூச்சு ஒரு கணம் கூடினால் மெல்லிய வெள்ளிக்கூடு உருகி உருண்டையாகிவிடும். தகட்டைச் சம்மட்டியால் தட்டித்தான் மெலிதாக்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து உருளையில் கொடுத்து இழுத்த தகடு மெல்லமெல்லப் புழக்கத்துக்கு வந்தது. பழைய மோதிரத்தின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் சம்மட்டி பட்ட தடமும், கூட்டின் அடியில் பூவிதழ் போல் செதுக்கிய வரிகளும் தெரியும். யாரும் பார்க்கப் போகாத பக்கம் அது. அங்கேயும் செதுக்கியிருக்கிறான்.

கூட்டுக்குள் கல்லை வைக்குமுன் வருவது ‘ஃபாயில்’. என் கணக்கில் இந்த மோதிரங்களின் உயிரே இதில்தான். தாளினும் மெல்லிய வெள்ளி அல்லது செப்புத் தகட்டை மெருகேற்றி, தேவைப்பட்டால் நிற வார்னிஷ் பூசி, கல்லுக்கு அடியில் வைத்து, காற்றும் ஈரமும் புகாதபடி கூட்டை மூடிவிடுவார்கள். வெளிறிய புஷ்பராகத்துக்கு அடியில் இளஞ்சிவப்புத் தகடு வைத்தால் அது ரோஜா நிறமாகிவிடும். தட்டையான கார்னெட்டுக்கு அடியில் வைத்தால் அணைந்த கரி கனலும். ஒரே மோதிரத்தில் நிறம் ஒவ்வாத நான்கு கற்கள் இருந்தால், நான்கு வேறு தகடு வைத்து அவற்றை ஒரே நிறமாகக் காட்டலாம். இத்தாலியக் கலைஞர் செல்லினி 1568இல் வெளியிட்ட பொற்கொல்லர் நூலில் இந்தக் கலையை விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஜார்ஜியன் பட்டறைக்கு அது வழிவழியாக வந்த சொத்து. இது ஏமாற்று இல்லையா என்று கேட்கலாம். நம் வீட்டுப் பாட்டிமார்களின் வைரத்தோட்டில் ‘குளோஸ் செட்டிங்கா, ஓப்பன் செட்டிங்கா’ என்று கேட்பதற்குப் பின்னால் இருப்பதும் அதே சந்தேகம்தான். அடியில் என்ன வைத்திருக்கிறானோ! வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்கும்வரை அது ஏமாற்றல்ல, அலங்காரம். தெரியாதவரிடம் விற்றால் அன்றும் அது மோசடிதான்.

ஏன் இவ்வளவு பாடு என்பதற்கு விடை வெளிச்சத்தில் இருக்கிறது. வைரம் இரவு நகை. பகலில் அணிந்தால் புதுப்பணக்காரத்தனம் என்று முகம் சுளிப்பார்கள். இரவென்றால் மெழுகுவர்த்தி. லண்டன் பால் மாலில் எரிவாயு விளக்கு ஏற்றிக் காட்டியதே 1807இல்தான். சுடர் நிற்காமல் ஆடும், பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வரும், மஞ்சளாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் இன்றைய வைரத்தின் ஐம்பத்தெட்டுச் சிறு பட்டைகளும் பொடிப்பொடியாய்ச் சிதறி மின்னும். பழைய கல்லின் அகலப் பட்டைகளோ சுடர் ஒருமுறை ஆடும்போது ஒரே வீச்சாக எரிந்து, அணைந்து, மறுபடி எரியும். அடியிலுள்ள தகடு கல்லைத் தாண்டிய ஒளியைத் திருப்பி அனுப்பும். நகைக்கடையின் குழல்விளக்கு வெள்ளத்தில் அதை மங்கல் என்று சொல்வது, அகல்விளக்கில் பார்க்கவேண்டிய கருவறைச் சிலையை ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்துவிட்டு முகத்தில் களையில்லை என்பது போல. பெல்ஜியத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி, வைரத்தின் ஒளிக்குக் கணிதம் எழுதியது 1919இல்; அதற்குள் மின்விளக்கு வந்துவிட்டது. அதன்பின் பழங்கற்கள் பலவற்றைப் புது வெட்டுக்கு மறுபடி தீட்டிவிட்டார்கள். ஆற்காட்டு நவாபின் கற்களும் தப்பவில்லை, அவையும் எடை குறைந்தன.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அவை இப்போது போலிகளே அல்ல. ஃப்ளீட் தெருவில் கடிகாரம் செய்த கிறிஸ்டபர் பின்ச்பெக், 1732இல் இறந்தவர், செம்பையும் துத்தநாகத்தையும் கலந்து தங்கம் போன்ற ஓர் உலோகம் செய்தார். வழிப்பறிக்குப் பயந்தவர்கள் பயணத்தில் அதை அணிந்தார்கள் என்று சொல்வார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து பாரிஸுக்கு வந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்ட்ராஸ் ஈயம் கலந்த கண்ணாடியை வைரம் போல் தீட்டி, 1734இல் அரசரின் நகைக்காரராகவே ஆனார். கண்ணாடியை எந்த வடிவிலும் வெட்டலாம் என்பதால் அவை இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று தைத்தாற்போலப் பதியும். அடிநுனியில் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைப்பார்கள், வைரத்தின் ஓட்டையை நினைவூட்ட. நல்ல பின்ச்பெக்கும் பழைய கண்ணாடி நகையும் இன்று அருங்காட்சியகப் பொருள்கள்.

நெப்போலியன் போர்கள் முடிந்தபோது தங்கம் அருகிப்போயிருந்தது. 1820களில் வந்த ‘கேனட்டீல்’ வேலை அந்தப் பற்றாக்குறையின் பிள்ளை. முடிமாதிரி மெல்லிய பொன்கம்பியைச் சுருட்டி, சுருளைக் கூம்பாக்கி, நடுவே ஒரு பொன்மணி வைத்துப் பற்றவைத்தால், சில குன்றிமணி எடைத் தங்கம் ஒரு விரல் முழுக்க விரிந்து தெரியும். பூத்தையல் சரிகைக்கான பெயரைத்தான் இதற்கும் வைத்தார்கள். கற்கள் அமெதிஸ்டோ புஷ்பராகமோ டர்கோய்ஸோதான், விலையில் அதிகமில்லை. வேலை மட்டும் அபாரம். உள்ளே அழுக்கு சேர்ந்தால் எடுப்பது கடினம், ஒரு சுருள் நசுங்கினால் நிமிர்த்துவது இன்னும் கடினம்.

இத்தனை மோதிரம் செய்தும் மிஞ்சியவை குறைவு. ஒவ்வொரு தலைமுறையும் பாட்டியின் கல்லைப் பெயர்த்துத் தன் காலத்து மோஸ்தரில் பதித்துக்கொண்டது. தங்கம் உருக்குக்குப் போனது. அருங்காட்சியகங்களில் உள்ள தொகுப்புகள் தனிமனிதர்களின் பித்தால் பிழைத்தவை. எட்மண்ட் வாட்டர்டன் சேர்த்த மோதிரங்கள் அவர் கடனில் மூழ்கி அடகு வைத்தபின் 1871இல் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அகஸ்டஸ் ஃப்ராங்க்ஸ் 1897இல் இறக்கும்போது தன் மோதிரங்களை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார்.

குறைவாக இருப்பதால் உற்பத்தி நடக்கிறது. காதணியின் ஒரு பூவையோ, ஊசியின் தலையையோ, பழைய சட்டைப் பொத்தானையோ எடுத்து அதற்கு ஒரு வளையம் சேர்த்தால் ஜார்ஜியன் மோதிரம் தயார். பழம்பொருள் வியாபாரிகள் இப்படி ஒட்டுப்போட்ட பொருளைத் தங்களுக்குள் ‘கல்யாணம்’ என்று அழைக்கிறார்கள். நிச்சய மோதிரத்துக்குப் பொருத்தமான பெயர்தான். தலை தேய்ந்து வளையம் புதிதாக இருந்தாலோ, இரண்டும் சேரும் இடத்தில் பற்றாசின் நிறம் மாறினாலோ சந்தேகப்படலாம். முழுக்கவே புதிதாக வார்த்தெடுத்ததில் கூட்டின் உள்மூலைகளில் ஊசிக்கண் போன்ற குழிகள் தெரியும். வெட்டுக்கும் வார்ப்புக்கும் உள்ள வித்தியாசம் விரல்நுனிக்கே புரியும். ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டு நகைகளை ஆங்கில நகையென்று விற்பதும் உண்டு. அவையும் நல்ல வேலைப்பாடுதான், பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

அசலாகவே கிடைத்தாலும் அதை அணிவது தனி வித்தை. கை கழுவும்போது கழற்றவேண்டும். ஒரு துளி நீர் மூடிய கூட்டுக்குள் போனால் போதும், தகடு கறுத்துக் கல் செத்துவிடும். மீயொலிக் கருவியில் போட்டுச் சுத்தம் செய்யக்கூடாது. அளவு பெரிதாக்க நெருப்புக் காட்டினால் உள்ளே உள்ள வார்னிஷ் பொசுங்கும். புதுத் தகடு மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கூட்டைத் திறந்தவுடன் முதல் பத்தர் கடைசியாக வைத்த தகடு போய்விடுகிறது.

வைர நிச்சய மோதிரம் என்று நாம் இன்று நினைக்கும் பொருள் ஏறத்தாழ முழுக்கப் பிந்தியது. தென்னாப்பிரிக்காவில் 1867இல் வைரம் கிடைத்து மலிவானது, டிஃபனி கடை 1886இல் ஆறு கால்களில் கல்லைத் தூக்கி நிறுத்தியது, வைர நிறுவனமான டி பியர்ஸ் 1947இல் ‘வைரம் என்றென்றும்’ என்று விளம்பரம் எழுதியது. அந்த விளம்பரத்தின் கண்ணாடி வழியாகத்தான் லண்டன் கடைக்காரரும் பின்னோக்கிப் பார்த்து, 1780இன் காவல் மோதிரத்துக்கும் இரங்கல் மோதிரத்துக்கும் நிச்சயம் செய்து வைக்கிறார். அவர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: இன்று ஒருவர் அதை வாங்கிப் போய்ப் பெண்ணிடம் நீட்டினால், அந்தக் கணம் முதல் அது நிச்சய மோதிரம்தானே.

நிச்சயத்தின்போது கைமாறியது என்று எழுத்துச் சாட்சியோடு நமக்குக் கிடைக்கும் ஜார்ஜியன் மோதிரம் ஒன்று உண்டு. வெறும் தங்கம், நடுவே முட்டை வடிவில் பட்டையில்லாத டர்கோய்ஸ் நீலக் கல். ஜேன் ஆஸ்டினுடையது. அவருக்கு அதை யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. அவர் 1817இல் இறந்தபின் அக்காள் கசாண்ட்ராவிடம் போனது. அண்ணன் ஹென்றிக்கும் எலினார் ஜாக்சனுக்கும் கல்யாணம் நிச்சயமான செய்தி கேட்டதும் கசாண்ட்ரா அந்த மோதிரத்தை எலினாருக்குக் கொடுத்தார். 1863இல் எலினார் தன் கணவருடைய அண்ணன் மகளுக்கு எழுதிய சிறு கடிதம் இதைச் சொல்கிறது. 2012இல் அது ஏலத்துக்கு வந்தபோது அமெரிக்கப் பாடகி கெல்லி கிளார்க்சன் 1,52,450 பவுண்டுக்கு எடுத்தார். நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அரசு தற்காலிகத் தடை போட்டது. மறு ஆண்டு நன்கொடை திரட்டி அதை வாங்கி, சாட்டன் கிராமத்தில் ஆஸ்டின் வாழ்ந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள். வைரம் இல்லை, மாப்பிள்ளை கொடுத்ததும் இல்லை, நாத்தனார் கொடுத்தது.